74 கிலோவுக்கு எத்தனை லிட்டர்

பிப்ரவரி 3, செவ்வாய்

அலைச்சறுக்கில் இன்று பிடித்தது 11 அலை. உடைந்து நுரையாக வருவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வலப்பக்கம் 7, இடப்பக்கம் 4. இடப்பக்கம் போகும்போது அலைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், உடனே என் பின்பக்கம் வெளியே தள்ளிக்கொள்கிறது. அண்ணன் அந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். இங்கே எழுத முடியாது.

திரும்பி வரும்போதுதான் சின்ன போர்டுக்கு மாறலாம் என்ற நினைப்பு வந்தது. 8 அடி ஃபோம் போர்டை எப்போதும் போலத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், கக்கத்தில் இடுக்கினால் விரல் விளிம்புக்கு எட்டாது. எதிரே இரண்டு பேர் சின்னச் சின்ன போர்டுகளோடு போனார்கள். என்னைப் பார்த்தார்கள். பார்த்தார்களா என்றுகூட நிச்சயமில்லை.

பிப்ரவரி 4

அலை இல்லை. குளம்.

பிப்ரவரி 5, வியாழன்

இரவு ஒரு மணி. போர்டின் கன அளவு எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்பதிலேயே இன்னும் இருக்கிறேன்.

கணக்கு இதுதான்: உடல் எடையை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு 1 அல்லது அதற்கு மேல். கொஞ்சம் தேறியவனுக்கு 0.6 பக்கம். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு 0.4, போட்டிக்காரர்கள் அதற்கும் கீழே. 74 கிலோவை 0.6-ஆல் பெருக்கினால் 44 லிட்டர். 0.7 என்றால் 52. இப்போது கையில் இருப்பதோ 80-க்கு மேல். ஒரு லிட்டர் போர்டு கடல்நீரில் ஒரு கிலோவும் ஒரு துளியும் தாங்கும், அதில் போர்டின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். இதெல்லாம் சரி. நான் 0.6-ஆ 0.7-ஆ என்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

இணையத்தில் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் ஒரு பக்கம் வயதைக் கேட்டது. 41 என்று போட்டதும் 2 லிட்டர் கூட்டிக் கொடுத்தது. மரியாதை கெட்ட இயந்திரம்.

நாலாவது தடவை எடை பார்க்க ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள்.

பிப்ரவரி 7, சனி

1.

ஒரே ஒரு அலை. அதையும் அலை என்று சொல்ல வாய் கூசுகிறது.

நண்பனுடைய போர்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். 6 அடி, 19½ அங்குல அகலம், 2½ தடிமன், 31 லிட்டர். கரையில் நடக்கும்போது சொர்க்கம்: கக்கத்தில் அப்படியே அடங்கியது, எடையே இல்லை, பொடிநடையாகப் போனேன். தண்ணீரில் ஏறி உட்கார்ந்தேன். விலா எலும்பு வரை உள்ளே போய்விட்டது. முதலில் ஏதோ தவறாக உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, 31 லிட்டர் என்றால் அவ்வளவுதான்.

படுத்துத் துழாவினால் பக்கவாட்டில் ஆடுகிறது. மூக்கைத் தூக்கி வைத்தால் பின்பாகம் அமிழ்ந்து கலப்பை மாதிரி தண்ணீரை உழுகிறது. முன்னால் நகர்ந்தால் மூக்கு முங்குகிறது. என் ஃபோம் போர்டில் நாலு இழுப்பில் பிடிக்கிற அலைக்கு இதில் பன்னிரண்டு இழுப்பு, அப்புறமும் அலை என் வயிற்றுக்கடியில் நழுவிப் போய்விடுகிறது. கிட்டத்தட்ட உடையும் வரை காத்திருந்தால்தான் தள்ளுகிறது. அதற்குள் சரிவு சுவராகிவிடும், எழுந்து நிற்க எனக்கு இருப்பது அரை நொடி. ஃபோம் போர்டில் முழங்காலைக் கொஞ்சம் இழுத்து, ஒரு மூச்சு விட்டு, சாவகாசமாக எழுந்து பழகிய உடம்பு இது.

ஒன்றில் எழுந்தேன், மூக்கு குத்தியது, நான் முன்னால் போய் விழுந்தேன். போர்டு லீஷை (காலையும் போர்டையும் பிணைக்கும் கயிறு) முழு நீளத்துக்கு இழுத்துவிட்டுத் திரும்பி வந்து காதுக்குப் பின்னால் அடித்தது. இன்னும் தொட்டால் வலிக்கிறது. 1971-ல் சறுக்குவோருக்கான ரப்பர் உடை செய்த ஜாக் ஓ'நீல் இடது கண்ணை இழந்தது இப்படித்தான். அந்தக் காலத்து லீஷ் மருத்துவமனை ரப்பர் குழாய், கவண் மாதிரி இழுத்து அடிக்கும். இரண்டு விரல் முன்னால் பட்டிருந்தால், என்று மத்தியானம் முழுவதும் ஒரே நினைப்பு.

அவன் நாலு மாதமாக இதில் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருக்கிறான் என்பது சரியான சொல். ஒரு வாரத்தில் அவன் பிடிப்பதை நான் ஒரு காலையில் பிடிக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த போர்டோடு அவன் நடந்து போகும்போது, அடடா.

பிப்ரவரி 8

தோள்பட்டை.

பிப்ரவரி 9, திங்கள்

தண்ணீருக்குப் போகவில்லை. அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். லிட்டர் கணக்கை எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப இருக்குற போர்டுல என்னென்ன முடியும், அதச் சொல்லு" என்றார்.

"உடையாத அலையை நானே பார்த்து நானே பிடிக்கிறேன்."

"சரி."

"நேரா கரைக்கு வராம, கோணமா எழுந்து நிக்கிறேன். சுவரோரமாவே ஓட முடியுது."

"சரி. வேகம் போனா மறுபடி ஏத்திக்கிறியா? ரெண்டு பக்கமும் திருப்புறியா?"

"ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பாதி."

"அப்ப ஓரடி குறை. ரெண்டடி வேணாம். உன்கிட்ட இல்லாததுக்கு போர்டுல தேடாத."

கொஞ்சம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "லிட்டர்ங்கிறது எவ்வளவு மிதக்கும்னுதான் சொல்லும். எங்க மிதக்கும்னு சொல்லாது" என்றார். தலையாட்டினேன். புரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

ஒரு பழைய போர்டு விலைக்கு இருக்கிறது. படத்தில் பார்த்தேன். 7 அடி, முட்டை வடிவம், முனை உருண்டை. நடுவே ஓடும் மரச்சட்டத்துக்குப் பக்கத்தில், மேலே பூசிய ரெசினுக்கு அடியில், பென்சிலால் எழுதிய எண்கள் தெரிகின்றன: 21¼, 2¾. அதை இழைத்தவர் கையெழுத்து. 2-ஐ அன்னம் மாதிரிப் போட்டிருக்கிறார். லிட்டர் எழுதவில்லை. கணினியில் வடிவம் போட ஆரம்பித்த பிறகு பரவிய பழக்கம்தான் அது. இவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவை. 84 × 21¼ × 2¾, கிட்டத்தட்ட 4909 கன அங்குலம். 61-ஆல் வகுத்தால் 80 லிட்டர். ஆனால் அது பெட்டிக்கான கணக்கு. போர்டு இரு முனையிலும் குறுகி, விளிம்பில் மெலிந்து போகிறது. பெட்டியில் 55 முதல் 60 சதவீதம் என்று வைத்தால் 44-இலிருந்து 48.

ஞாயிறு வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று விற்கிற பெரியவர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 12

44-ஆ, 48-ஆ.

பிப்ரவரி 13, வெள்ளி

போய்ப் பார்த்தேன். பெரியவர் போர்டைப் புல்லில் கிடத்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். விற்கிறவர் போலவே இல்லை.

தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். மூக்குப் பக்கம் மெல்லத் தூக்கியிருக்கிறது, நடுவில் தட்டை. இப்படி வளைவு குறைந்தது துழாவினால் வேகமாக ஓடும், செங்குத்தான அலையில் மட்டும் மூக்கு குத்தப் பார்க்கும். விளிம்பைத் தடவினேன்: நடுவில் தடித்து உருண்டு, வால் கிட்டே போகப் போகக் கூர்மை. அடியில் மூன்று ஃபின், மீன் துடுப்பு மாதிரி. அவற்றைச் செருகும் ஃபின் பெட்டியைச் சுற்றி முடியளவு கோடு, மேல்பூச்சில் மட்டும். நிறம் நன்றாகக் காய்ந்த எலுமிச்சைத்தோல். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் இப்படித்தான் மஞ்சளிக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு சாணாக அழுத்திக்கொண்டே வந்தேன். கெட்டி, கெட்டி, கெட்டி. நடுவுக்குச் சற்று மேலே விரல் உள்ளே போனது. எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது, "கிர்" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு. உள்ளங்கை அளவு. கண்ணாடியிழைத் தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுக் கழன்றிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியும் தம்பி. அங்கதான் என் நெஞ்சு இருந்துச்சு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

வேண்டாம். நெஞ்சு இருந்ததாம். கழன்ற போர்டு கழன்ற போர்டுதான். வெயிலில் வைத்தால் இன்னும் கழலும், ஒருநாள் கிழியும், தண்ணீர் குடிக்கும்.

புதிதாக எபாக்சி ரெசின் பூசிய போர்டு வாங்கினால் என்ன? கனம் இருக்காது, தக்கை மாதிரி மிதக்கும், சுலபத்தில் அமுங்காது. காற்றடித்துத் தண்ணீர் குலுங்கும் நாளில் போர்டும் குலுங்கும் என்கிறார்கள். ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினால் அந்த ஃபோமே கரைந்து குழியாகிவிடும். புதுசிலும் இத்தனை இருக்கிறது.

மறுபடி அந்த 31 லிட்டர் நினைப்பு வேறு. ஒரு மாதம் விடாமல் பழகினால்?

மாலையில் ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் சைமன் ஆண்டர்சனைப் பற்றிப் படித்தேன். நல்ல உடம்புக்காரர். எல்லோரும் இரண்டு ஃபின் போர்டில் பறந்துகொண்டிருந்த காலம், அது அவருக்குக் காலடியில் வழுக்கியிருக்கிறது. 1980-ல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். 1981-ல் பெல்ஸ் பீச் போட்டியில் ராட்சத அலையில் அதை வைத்தே ஜெயித்தார். இன்று ஊர் உலகமெல்லாம் மூன்று ஃபின். தனக்குப் பொருந்தவில்லை என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. நான் எடை இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோள்பட்டை பரவாயில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை ஃபோம் போர்டில் 9. மத்தியானம் வாங்கிவிட்டேன்.

பெரியவர் காருக்குள் போர்டை ஏற்றக் கை கொடுத்தார். கழன்ற இடம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

3. ஆனால்.

முதல் அரைமணி நேரம் அதே பழைய கதை. ஃபோம் போர்டில் எங்கே படுத்தாலும் அது மன்னித்துவிடும், இது மன்னிக்காது. முன்னால் போனால் முங்கியது, பின்னால் வந்தால் உழுதது. அப்போது கட்டைவிரல் அந்த மெத்தென்ற இடத்தில் பட்டது. அவர் நெஞ்சு. சரி என்று என் நெஞ்சை அதன் மேலேயே வைத்துப் படுத்தேன். மூக்கு கொஞ்சம்தான் முங்கியது! பெரியவர் என்னைவிட உயரம். நாலு விரல் பின்னால் நகர்ந்தேன். மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நின்றது. துழாவினேன், போர்டு ஓடியது.

அந்த இடத்திலிருந்துதான் மூன்றும்.

மூன்றாவதில் வால் பக்கம் காலை ஊன்றித் திரும்பினேன். ஃபோம் போர்டில் திரும்பு என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது கேட்பதற்குள் திரும்பிவிட்டது, நான்தான் பின்னால் வந்து சேர்ந்தேன். விழுந்தேன் என்பதை எழுதத் தேவையில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. எங்க மிதக்கும் என்று அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிவிடுவாரோ என்று.

பிப்ரவரி 17

5. அலைக்கு அடியில் போர்டை அமுக்கி நுழையப் பார்த்தேன். 44-ஓ 48-ஓ, அமுங்கவில்லை, என்னையும் சேர்த்துத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. போர்டோடு ஆமை மாதிரி கவிழ்ந்து அலையைக் கடப்பதுதான் இன்னும் கொஞ்ச நாள்.

பிப்ரவரி 18, புதன்

6. இடப்பக்கம் 4!

மெத்தென்ற இடம் பெரிதாகியிருக்கிறதா? பென்சிலால் சுற்றி வரைந்து வைத்தேன். நாளை ஒப்பிட வேண்டும்.

அந்த 31 லிட்டர் நண்பன் வந்து பார்த்தான். தூக்கிப் பார்த்தான். "கொஞ்சம் பெருசா இல்ல?" என்றான். பிறகு, போகிற போக்கில், ஒருநாள் தருவாயா என்றான்.

பிப்ரவரி 19, வியாழன்

நாளை காலை 12 நொடிக்கு ஒரு அலை என்று முன்னறிவிப்பு காட்டுகிறது, காற்றும் இல்லை. இதுவரை 6, 7 நொடிக்கு மேல் பார்க்காத போர்டு (என் கையில்). நல்ல தள்ளுடன் வரும், செங்குத்தாகவும் எழும், இந்தத் தட்டை மூக்கு என்ன செய்யும் என்று தெரியவில்லை. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. ஒரு நூலளவு தாண்டியிருக்கலாம்.

பழைய மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். நடு ஃபின் லேசாக ஆடுகிறது. சாவி வைத்து முறுக்கினால் போதும். சாவியைத்தான் காணவில்லை. ஃபோம் போர்டு பையில் இல்லை, காரில் இல்லை. பெரியவர் கொடுத்த துண்டுக்குள் சுற்றியிருந்தாரோ? துண்டு துவைக்கப் போயிருக்கிறது.