இன்ஜின் மாற்றிய லாரி இழுக்கவில்லையா? பம்பைக் கழட்டும் முன் டாப்பைப் பாருங்கள்

இன்ஜின் மாற்றிய லாரி ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் லோடு ஏற்றினால் இழுக்கவில்லை என்றால் பட்டறையில் பழி முதலில் டீசல் பம்ப் மேல் விழும், அடுத்து டர்போ மேல். இரண்டையும் கழட்டி, பம்ப் கடைக்கும் டர்போ கடைக்கும் பணம் அழுது, திரும்ப மாட்டினால் அதே புகை, அதே மந்தம். இப்படி ஓய்ந்துபோன ஓனர்களை நாமக்கல் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வண்டியிலும் இதுதான் நடந்தது, காரணம் பம்பும் இல்லை, டர்போவும் இல்லை.

வண்டி டாடா 1613. கம்மின்ஸ் 6பிடி இன்ஜின், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். பிளாக் கிராக் விட்டதால் அதே 6பிடியில் ஒரு செகண்ட்ஹேண்ட் இன்ஜின் வாங்கி ஏற்றினோம். பழைய இன்ஜினின் பம்ப் நல்ல நிலையில் இருந்ததால் அதையே இதிலும் மாட்டினார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை, சூடேறியதும் புகை குறைந்துவிடும். காலி வண்டியில் ஒரு குறையும் தெரியாது. லோடோடு சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் இறங்கிக்கொண்டே போகும், டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறும்.

இந்த அறிகுறிகளை யாரிடம் சொன்னாலும் டைமிங் லேட், அதாவது சிலிண்டருக்குள் டீசல் பாய வேண்டிய நேரத்தைத் தாண்டிப் பாய்கிறது என்பார்கள். இருக்கலாம், ஆனால் டீசல் லைனில் காற்று பிடித்தாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். இன்ஜின் மாற்றும்போது எல்லா டீசல் லைனும் கழன்று மாட்டப்படுகிறது, ஏதோ ஒரு வாஷர் சரியாக உட்காராமல் போவது சாதாரணம். அதனால் முதலில் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் லைனில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் போட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் டைமிங் பேச்சையே எடுக்க வேண்டாம், லீக்கை அடைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் புகையின் வாசம். வெள்ளையாக இருந்து பச்சை டீசல் வாசம் அடித்தால் எரியாத டீசல். வாசமில்லாமல் ஆவி மாதிரி வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

டைமிங் லேட் ஆகாமல் முன்னால் போயிருந்தால் கதை வேறு. இன்ஜின் சுத்தியலால் அடிக்கிற மாதிரி தட்டும். அப்போது ஐடிலில் ஒவ்வொரு நாசில் யூனியனாக லேசாகத் தளர்த்திப் பாருங்கள், தெறிக்கும் டீசலுக்கு நேராகக் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஏதோ ஒன்றைத் தளர்த்தும்போது தட்டு நின்றுவிட்டால் பிரச்சினை அந்த சிலிண்டரின் நாசிலில். எதைத் தளர்த்தினாலும் மற்றவை தட்டிக்கொண்டே இருந்தால்தான் டைமிங் மேல் சந்தேகப்பட வேண்டும். இதை இழுத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள், ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் போய்விடும்.

எங்கள் வண்டியில் காற்று இல்லை, தண்ணீரும் குறையவில்லை. பம்பைத் திரும்பக் கழட்ட ஸ்பேனரை எடுத்தபோதுதான் ஒரு மூத்த மெக்கானிக் தடுத்தார். "பம்ப் இருக்கட்டும் தம்பி. நீங்க டாப்னு நெனச்சுப் பூட்டுன இடம் டாப்தானான்னு மொதல்ல பாருங்க" என்றார். டாப் என்றால் பிஸ்டன் சிலிண்டரின் உச்சிக்கு வந்து நிற்கும் இடம், டைமிங் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். எல்லாரும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

6பிடியில் டாப் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. இன்ஜின் முன்னால் கியர்கள் இருக்கும் கூடான கியர் ஹவுசிங்கின் பின்பக்கம், பம்புக்குக் கீழே, ஒரு சின்ன பிளாஸ்டிக் பின் இருக்கும். இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின்னை அழுத்தினால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டாப்புக்கு (வால்வுகள் மூடி, காற்றை அழுத்திக்கொண்டு பிஸ்டன் ஏறும் உச்சிக்கு) வரும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் கியரில் உள்ள ஓட்டையில் விழும். பம்பிலும் இதேபோல் ஒரு பின் உண்டு. பக்கவாட்டு பிளக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் பின்னை எடுத்துத் திருப்பிப் போட்டால் பம்ப் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும். டாப்புக்கு எத்தனை டிகிரி முன்னால் டீசல் பாய வேண்டும் என்பதைப் பம்ப் கடையிலேயே அதற்குள் செட் செய்திருப்பார்கள். இரண்டு பின்னும் விழுந்த நிலையில் பம்ப் கியரை இறுக்கினால் டைமிங் முடிந்தது. நல்ல ஏற்பாடுதான், அந்த கியர் ஹவுசிங்கை இதுவரை யாரும் தொடாமல் இருந்தால்.

அந்தப் பின் உட்காரும் ஹோல்டர் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது, கம்பெனியில் உண்மையான டாப்பைப் பார்த்து வைத்து இறுக்கியது. ஹவுசிங் மாற்றியிருந்தாலோ, ஆயில் கசிவுக்காக ஹோல்டரைக் கழட்டி மாட்டியிருந்தாலோ அது ஸ்க்ரூ ஓட்டையின் ஆட்டத்துக்குள் நகர்ந்துவிடும். கேம் கியர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே ஒரு டிகிரி நகர்ந்தால் கிராங்கில் இரண்டு டிகிரி. செகண்ட்ஹேண்ட் இன்ஜினுக்கு முன்கதை யாருக்குத் தெரியும்? அதனால் எந்த மார்க்கையும் நம்பாமல் பிஸ்டனையே கேட்க வேண்டும்.

6பிடியில் சிலிண்டருக்கு ஒரு ராக்கர் கவர், இரண்டு வால்வு. ஒன்றாவது, ஆறாவது கவர்களை மட்டும் கழட்டினால் போதும். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கும் நேரம், அதாவது இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும் நேரம், ஒன்றாவது கம்ப்ரஷன் டாப் பக்கத்தில் இருக்கும். ஒன்றாவதன் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) லூசாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல், புகையைத் தள்ளிக்கொண்டு பிஸ்டன் ஏறும் எக்ஸாஸ்ட் டாப்பில் பூட்டிவிட்டால் கிராங்கில் முழுசாக ஒரு சுற்று தப்பு, வண்டி ஸ்டார்டே ஆகாது.

அப்புறம் ஒன்றாவது சிலிண்டரில் ராக்கரைக் கழட்டி, ஒரு வால்வின் ஸ்பிரிங்கை எடுத்துவிட வேண்டும். பிஸ்டன் மேலே இருப்பதால் வால்வு அதன் தலையில் உட்காரும். ஸ்டெம்மில் ஒரு ஓ-ரிங்கை இறுக்கமாக மாட்டிவிடுங்கள், கை தவறி இன்ஜின் சுற்றிவிட்டாலும் வால்வு உள்ளே விழாது. ஸ்டெம் நுனியில் டயல் கேஜ். இப்போது இன்ஜினைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குவது அப்படியே முள்ளில் தெரியும். முள் உச்சிக்குப் போய் நின்ற இடம்தான் டாப் என்று அங்கேயே மார்க் போட்டுவிடாதீர்கள். கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் உச்சியில் பிஸ்டன் அசைவதே தெரியாது. உச்சிக்கு அரை மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது கிராங்க் புல்லியில் ஒரு கோடு, உச்சியைத் தாண்டி அதே அரை மில்லிமீட்டர் இறங்கியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதி எதுவோ அதுதான் டாப்.

எங்கள் இன்ஜினில் பின் விழுந்த இடம் இந்த டாப்பைத் தாண்டி இருந்தது. எவ்வளவு என்று அளப்பது சுலபம், 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் சுற்றளவு 628, ஆக ஒரு டிகிரிக்கு 1.75 மில்லிமீட்டர் வரும். அந்தக் கணக்கில் ஏறக்குறைய நான்கு டிகிரி லேட். பம்ப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, நாங்கள் கொடுத்த டாப்தான் பொய். முன் கவரைத் திறந்து கிராங்க் கியர், கேம் கியர் மார்க்குகளையும் பார்த்தோம். ஒரு பல் தள்ளியிருந்தால் வால்வு டைமிங்கும் கெட்டிருக்கும், நல்லவேளை, அவை நேராக இருந்தன. ஹவுசிங் மட்டும் மாற்றிய இன்ஜின், ஹோல்டரைக் கண்மதிப்பில் இறுக்கியிருக்கிறார்கள்.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. கிராங்கை ஓடும் திசையிலேயே சுற்றி உண்மையான டாப்பில் நிறுத்தி, ஹோல்டரைத் தளர்த்தி, பின் இழுபடாமல் விழும் இடத்தில் திரும்ப இறுக்க வேண்டும். பம்பைப் பூட்டி, கியர் நட்டை லேசாக இறுக்கியதும் இரண்டு பின்னையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் முழு டார்க் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் உடையும். அதற்கு முன் பம்ப் ஷாஃப்டில் கியர் உட்காரும் கூம்பு முனையான டேப்பரையும் கியரின் உட்பக்கத்தையும் ஆயில் பசை ஒரு துளி இல்லாமல் துடைத்துவிடுங்கள். பசை இருந்தால் லோடில் கியர் வழுக்கி டைமிங் மறுபடி லேட் ஆகும், திரும்பவும் பம்பைத் திட்டுவோம். கடைசியில் ஸ்பிரிங்கையும் ராக்கரையும் மாட்டி டேப்பெட் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடைவெளி) வைக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர்.

இப்போது அதே தொப்பூரில் அதே லோடோடு வண்டி ஒரு கியர் மேலேயே ஏறுகிறது, முள் நடுவில் நிற்கிறது. காலைப் புகையும் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது.

முன் கவரைத் திறப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேராக நிறுத்தும் ஒரு சின்ன டவல் பின் உண்டு. பழைய 6பிடிகளில் அது அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியர்களுக்கு நடுவே விழுந்துவிடும், விழுந்தால் ஹவுசிங்கே உடையும். அது வெளியே வர முடியாதபடி பக்கத்து போல்ட்டில் ஒரு துண்டுத் தகடு வைத்து இறுக்கிவிட்டுக் கவரை மூடுங்கள்.