உறைபனி மாதங்களில் தேயிலைத் தோட்டம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படம் நாளிதழ்களில் வந்துவிடும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் கள அலுவலராக இருக்கும் எனக்கு, அதைப் பார்த்ததும் பள்ளத்துச் செடிகளின் கவலைதான் வரும்.

இமயமலையில் கொட்டுகிற பனி இங்கே கிடையாது; இது தரையிலும் இலையிலும் ஈரம் உறைந்து படிகிற பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவோடு இரவாக விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேட்டுச் செடி பச்சையாக இருக்க, ஓடையோரச் செடி கருகி நிற்கிறது. செய்தியில் 3 டிகிரி என்று சொல்லும் நாளில்கூட உறைபனி விழும். அந்த வெப்பமானி இருப்பது நெஞ்சு உயரத்துப் பெட்டிக்குள். புல்மட்டத்தில் குளிர் 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கும்.

விடியற்காலையில் கொழுந்தின் விளிம்பெல்லாம் உப்புத் தூவியது போல இருக்கும். வெயில் பட்டுச் சடாரென்று உருகினால் இலை வெந்த கீரையாகத் துவண்டுவிடும். இரண்டொரு நாளில் பழுப்பேறி, கையில் கசக்கினால் பொடியாகும். வெயில் வருவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட்டால் ஓரளவு தப்பும். இளஞ்செடிகளுக்கு முந்தின சாயங்காலமே காய்ந்த புல்லோ தழையோ போட்டு மூடிவிடுகிறோம்.

செடியை மூடலாம், ஆட்களை என்ன செய்வது? ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு சுற்றி, இடுப்பில் படங்கு என்கிற முரட்டு விரிப்பைக் கட்டி வந்தாலும் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வராது. கிலோ குறையும், கூலியும் குறையும். "சார், பள்ளத்துக்கு வெயில் வரட்டும், அதுவரைக்கும் மேட்டுல எடுக்கிறோம்" என்றார் அனுபவமுள்ள ஓர் அக்கா. நிரை பிரிப்பதை, அதாவது யார் எந்தச் செடி வரிசையில் கொழுந்து எடுப்பது என்பதை, அப்படியே மாற்றிக்கொண்டோம். குளிர்கால வேலைத் திட்டத்தை அவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றை, வேலைக்கு முன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் மஸ்டரில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டுக் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். படுக்கும் முன் கரியை வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம், கருகிய செடியைப் பார்த்ததும் கவாத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. வெட்டினால் துளிர் வரும், அடுத்த பனி அதையும் பொசுக்கும். பனிக்காலம் முடிந்து கோடை மழை கிடைத்தால்தான் பள்ளம் தேறும். அதுவரை அங்கே கொழுந்து இல்லை. அந்த வாரங்களில் களை எடுப்பது, வடிகால் சீர்செய்வது என்று வேறு வேலை ஒதுக்கி, அந்த நிரைப் பெண்களுக்கு நாள் கூலி விடாமல் கிடைக்க நிர்வாகத்திடம் நவம்பரிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன்.