நீலக் கூரையும் ஒடிந்த குடையும்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் எங்கே நின்றாலும் ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தின் கோபுரம் கண்ணில் பட்டுவிடுகிறது. உயரம் 74.5 மீட்டர். நான் தேடிப் போனதோ, பக்கத்தில் போகும்வரை தெரியாத ஒரு கட்டடம். ஏரிக்கரையைப் பிடித்துத் தெற்கே நடந்தேன். காற்று குடையை இரண்டு முறை புரட்டிப்போட்டது. மூன்றாவது முறை கம்பியே ஒடிந்தது. ஜூன் மாதம் என்று பெயர்தான்.

வழியில் ஒரு சதுப்பு நிலம். ஆர்க்டிக் ஆலாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. ஆண்டுதோறும் அண்டார்டிகா வரை போய்த் திரும்பும் பறவை. கூட்டுக்கு அருகில் யார் வந்தாலும் சும்மா விடாது. ஒன்று என் உச்சந்தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது. ஒடிந்த குடையைத் தலைக்கு மேலே தூக்கினேன். குடை அதற்காவது உதவியது. பதறி நிமிர்ந்தபோதுதான் அந்த நீலம் தெரிந்தது.

நார்டிக் இல்லம். வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகள் சேர்ந்து ஐஸ்லாந்தில் அமைத்த பண்பாட்டு நிலையம். 1968 ஆகஸ்டில் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஃபின்லாந்துக்காரரான ஆல்வார் ஆல்டோ. (முதல் பெயரை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆழ்வார் என்றே கேட்கிறது.)

முதல் பார்வையில் சப்பென்று இருந்தது. படங்களில் பிரம்மாண்டமாகத் தெரிந்தது, நேரில் பள்ளிக்கூடம் போல வெள்ளையாய்த் தாழ்ந்து கிடக்கிறது. நடுவில் மட்டும் கூரை எழும்பி, மேலே கருநீலப் பீங்கான் ஓடு. இவ்வளவுதானா என்று சுற்றி வந்தேன். மறுபக்கம் போனதும் மேகம் கொஞ்சம் விலகி, தூரத்தில் எஸ்யா மலை தலை காட்டியது. கூரையின் ஏற்ற இறக்கமும் மலை முகட்டின் கோடும் ஒரே கையெழுத்து. மலையோடு போட்டி போடாமல், அதன் குட்டியைப் போலப் படுத்திருக்கிறது கட்டடம்.

உள்ளே போன பிறகுதான் அந்த நீலத்துக்குக் கீழே இருப்பது நூலகம் என்று புரிந்தது. விழா மண்டபமோ இயக்குநர் அறையோ அல்ல. இருப்பதிலேயே உயரமான கூரையைப் புத்தகங்களுக்குக் கொடுத்திருக்கிறார் ஆல்டோ. கட்டடம் கட்டச் சொல்லிப் பணம் தருகிறவர்கள் இதற்கு ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம்.

நூலகத்தின் நடுவே தரை பள்ளமாக இறங்குகிறது. சில படிகள் இறங்கினால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி, நாலாபுறமும் புத்தகங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது. புத்தகத்தின் மீது கையை நீட்டிப் பார்த்தேன். நிழல் விழுந்ததா என்று சொல்வதே கடினம். 1935இல், அப்போது ஃபின்லாந்தில் இருந்த வீபுரி நகர நூலகத்திலேயே ஆல்டோ இப்படிப் பள்ளமும் மேல்வெளிச்சமும் வைத்துவிட்டார். போருக்குப் பின் அந்த ஊர் சோவியத் பக்கம் போய்விட்டது.

மேசை, நாற்காலி, விளக்கு எல்லாமே அவர் வடிவமைத்தவை. ஒரு முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிர்ச் கட்டையின் நுனியை மட்டும் இழைவாக்கில் சீப்புப் பல் போலக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் பசை தடவிய மெல்லிய மரத்தகட்டைச் செருகி, பிறகு வளைக்கிறார்கள். அதனால் கால் நேராக வந்து, இருக்கைக்கு அடியில் செங்கோணமாய் மடங்குகிறது. வளைவில் மட்டும் பென்சில் கோடுகள் போல அடுக்கடுக்காய் ஒட்டுகள். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

நிமிர்ந்தால் நூலகப் பெண்மணி நிற்கிறார். மன்னிப்புக் கேட்டேன். “வருகிறவர்களில் பாதிப்பேர் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள்” என்றார்.

குழந்தைகளுக்கான ஃபின்னிஷ் படப்புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் புரியவில்லை, கரடிக்குக் கோபம் என்பதைத் தவிர. காபி விலையை எழுதி யாருடைய மனத்தையும் நோகடிக்கப்போவதில்லை.

வெளியே வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான், குடையை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. எதிரே சதுப்பு நிலம். ஆலாக்கள் அதற்குள் என்னைப் பார்த்துவிட்டன.