வால் எங்கே போகும்?

“கப்பல் போய்விடும் தம்பி. வால் எங்கே போகும்?”

“கப்பலுக்குப் பின்னால்தான் வரும் அண்ணே.”

காரைக்காலுக்குக் கிழக்கே, ஒரு தை மாதக் காலையில், வி.எச்.எப். ரேடியோவில் நடந்த பேச்சு. முதல் வரி ஒரு விசைப்படகுக்காரர் கேட்டது. இரண்டாவது வரி நான் சொன்னது. அதை இன்னும் மனதுக்குள் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மீனவர்களிடம் பேசுவது என் வேலையே இல்லை. கடலடி நிலத்தை ஒலி அனுப்பி ஆராயும் சர்வே கப்பலின் கருவி அறையில் உட்கார்ந்து, கப்பல் இழுத்துவரும் கேபிளில் வரும் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன் நான். பேசுவதற்கென்று வந்த காவல் படகு அப்போது வேறொரு படகை விலக்கப் போயிருந்தது. கப்பலில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சர்வே தலைவர் மேலே கூப்பிட்டு, சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார்: உங்கள் வலைக்கு 600 மீட்டர் வடக்கே நாங்கள் போய்விடுவோம், படகை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். அப்படியே சொன்னேன். அதில் பொய் இல்லை. கப்பல் 600 மீட்டர் வடக்கேதான் போனது.

ஆனால் கப்பலுக்குப் பின்னால், திரும்பிவரும் ஒலியைப் பிடிக்கும் ஒலிவாங்கிகள் கோத்த 6 கிலோமீட்டர் கேபிள் இருந்தது. அந்த ஒலிவாங்கித் தொகுதிகளைச் சேனல் என்று எண்ணுவோம். நேர்கோடாக வரும் கேபிளைப் படத்தில்தான் பார்க்கலாம். குறுக்கே நீரோட்டம் இருந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வரும். அன்று தெற்கே 8 டிகிரி சாய்வு. அப்படியென்றால் வால் நுனி, கப்பல் பதிவு செய்துகொண்டு போகும் கோட்டிலிருந்து 800 மீட்டருக்கு மேல் தெற்கே விலகியிருக்கும். அவருடைய வலை 600 மீட்டரில். இதற்குக் கணக்குப் போடத் தேவையில்லை. மேலே வருவதற்கு முன்பு அந்த 8-ஐத் திரையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது, அவர் அடுத்துச் சொன்னது. “நீவாடு தெற்கே இழுக்கிறது தம்பி, பார்த்துக்கொள்ளுங்கள்.” நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், வயல்காட்டில் வளர்ந்தவன். நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பல லட்ச ரூபாய்க் கருவிகள் எனக்குச் சொன்னதை அவர் வலைக்கயிற்றைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிட்டார். “பார்த்துக்கொள்கிறோம் அண்ணே” என்றேன்.

மிதக்கவிட்ட வலையாக இருந்தால் பிரச்சினையே இல்லை. கேபிளைத் தள்ளும் அதே நீர் வலையையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அது கல் கட்டி அடியில் இறக்கிய வலை. மேலே கொடியும் மிதவையும் மட்டும், நடுவில் கயிறு. எங்கள் கேபிள் 7 மீட்டர் ஆழத்தில் அந்தக் கயிற்றின் குறுக்கே வரும்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலையை இழுத்து ஏற்ற அவருக்கு நேரம் போதாது. கோபத்தில் படகைக் கப்பலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். கேபிளை இழுக்கும் கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கேபிள் தொய்ந்துவிடும். ஆள் போவதைவிட வலை போவது மேல் அல்லவா? இந்த நியாயத்தை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. கப்பல் போனது நாலரை நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். அது வலைக்கு நேராக வந்த பிறகும், சாய்ந்து வரும் கேபிள் அந்தக் கயிற்றை வந்து தொட ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்தது. முழு வலையும் ஏறியிருக்காது. பாதியாவது ஏறியிருக்கும்.

தலைவர் சொன்னதைத்தானே சொன்னேன் என்றும் தப்பிக்க முடியவில்லை. வாலைப் பற்றிய கேள்வியை நான் அவருக்கு மொழிபெயர்க்கவே இல்லை. “என்ன கேட்கிறார்?” என்றார். “சரி என்கிறார்” என்றேன். மீனவருக்குச் சொன்ன பதில்களைப் போலவே, அதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகப் பேசியது. ஏன் அப்படிச் சொன்னேன்? கோட்டைப் பாதியில் விட்டால் திரும்பிவர 3 மணி நேரம் ஆகும், பழி நீவாட்டின் மேல் விழாது, என் மேல் விழும் என்ற பயமாக இருக்கலாம். அவசரமாகவும் இருக்கலாம். பயம் என்று சொல்லும்போது கொஞ்சம் நேர்மையாகத் தெரிகிறது. அதனாலேயே அதன் மேல் சந்தேகம் வருகிறது.

கேபிளின் ஆழத்தைப் பிடித்துவைக்க 300 மீட்டருக்கு ஒன்றாக இறக்கை பொருத்தியிருப்போம். அதை பேர்ட் என்போம். 14-ஆவது பேர்ட் திடீரென்று 7 மீட்டரிலிருந்து 11-க்கு இறங்கியது. பதிவு நிற்கவில்லை. 25 மீட்டருக்கு ஒரு முறை, ஏறக்குறைய 11 நொடிக்கு ஒன்றாக, ஒலி எழுப்பும் வெடி விழுந்துகொண்டே இருந்தது. வி.எச்.எப்.-இல் யாரோ கூப்பிடுவதாக மேலிருந்து ஆள் அனுப்பினார்கள். பதிவை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பினேன். அது உண்மைதான்.

கோடு முடிந்ததும் சிறிய படகில் போய் அறுத்தார்கள். நானும் போனேன். பச்சை நைலான் முறுக்கேறிக் கயிறாகி இறக்கையைச் சுற்றிக் கிடந்தது. ஒரு கண்ணியில் செவுள் மாட்டிய சங்கரா. ஒரு பக்கம் தோலே இல்லை. இழப்பீட்டுப் படிவத்தில் வலையின் நீளம் என்று ஒரு கட்டம் உண்டு. கேபிளில் கிடந்ததை அளந்து 200 மீட்டர் என்று எழுதினேன். கடலில் போனது எவ்வளவு என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

அன்றைய பதிவேட்டையும் நான்தான் எழுதினேன். 344-ஆம் சேனலைச் சுற்றி இரைச்சல், காரணம் மீன்வலை, செயலாக்கத்தில் நீக்கவும்.