கிளாக் 19-க்கு வழவழப்பான டிரிக்கர் போட்டேன்

மூன்றாம் தலைமுறை கிளாக் 19 (ஆஸ்திரிய நிறுவனத்தின் 9 மி.மீ. கைத்துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்கு டிரிக்கரின் முகப்பில் ஓடும் வரிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேரம் சுட்டால் ஆள்காட்டி விரலின் தோல் சிவந்து எரியும். இதைவிடப் பெரிய கிளாக் 17-இல் அதே இடம் வழவழப்பாக இருக்கிறது. சிறியதற்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? அமெரிக்காவில் 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையொட்டி, இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நீளம், எடை, பாதுகாப்பு அம்சங்கள் எல்லாம் சேர்த்து 75 தேற வேண்டும். உருவம் சிறுத்தால் மதிப்பெண்ணும் சிறுக்கும். டிரிக்கரில் வரி போட்டு அதை இலக்குப் பயிற்சிக்கானது என்று காட்டினால் 2 மதிப்பெண் கூடும். ஆக, ஓர் அரசாங்கப் படிவத்துக்காக என் விரல் தேய்ந்துகொண்டிருந்தது.

நான் இருப்பது டெக்சாஸில். வேலை விசாவில் இருந்தவரை துப்பாக்கி பற்றி யோசிக்கவில்லை. தற்காலிக விசாக்காரர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகு, துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து வாங்கினேன். உதிரிப் பாகங்களுக்கு இந்தச் சடங்கு எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் வரிசை எண் பொறித்த ஃபிரேம், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பகுதிதான் துப்பாக்கி. டிரிக்கர் வெறும் சாமான், தபாலில் வந்துவிடும். (இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம்.)

எதை வாங்குவது என்பதில்தான் நாள் போனது. சந்தையில் அலுமினிய டிரிக்கர், தட்டை டிரிக்கர், சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று குவிந்து கிடக்கிறது. பல தொகுப்புகளில் இலகுவான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கும் (ஸ்ட்ரைக்கர் என்பது தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) சேர்த்துத் தருகிறார்கள். இழுக்கும் எடை குறையும், உண்மைதான். ஆனால் தோட்டாவின் பின்புறத்தில் குத்து வாங்கித் தீப்பற்றும் பிரைமர் சற்றுக் கடினமாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் குத்தியும் வெடிக்காது. அந்தப் பேரம் எனக்கு வேண்டாம். உலோக டிரிக்கரையும் ஒதுக்கினேன். 2017-இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி சில கோணங்களில் கீழே விழுந்தால் சுட்டுவிடுவதாகச் சோதனைகள் காட்டிய பிறகு, நிறுவனம் அறிவித்த மேம்பாட்டில் டிரிக்கர், ஸ்ட்ரைக்கர், ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைக்கும் சியர் மூன்றையும் எடை குறைத்தார்கள். விழும்போது கனமான டிரிக்கர் தன் எடையாலேயே பின்னால் நகரப் பார்க்கும். கிளாக்கின் டிரிக்கர் நடுவில் அதைத் தடுக்கும் சின்ன நெம்புகோல் இருக்கிறது என்றாலும், அழகுக்காக எடையைக் கூட்டுவானேன்? கடைசியில் வாங்கியது கிளாக் 17-இன் வழவழப்பான பிளாஸ்டிக் டிரிக்கரும், கழித்தல் குறி பொறித்த கனெக்டரும். இரண்டும் நிறுவனத்தின் சொந்தப் பாகங்கள்தான்.

கனெக்டர் என்பது வளைந்த ஒரு தகடு. விலையோ சொற்பம். துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விடும்போது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் பாதியளவு முறுக்கேறி நிற்கிறது. மீதியை நம் விரல் முடிக்கிறது. அப்போது டிரிக்கரோடு இணைந்த தண்டான டிரிக்கர் பாரின் பின்முனை இந்தத் தகட்டின் சரிவில் உரசிக் கீழிறங்கி ஸ்ட்ரைக்கரை விடுவிக்கிறது. சறுக்குமரத்தின் சாய்வை மாற்றுவதுபோல, சரிவின் கோணம் மாறினால் விரலுக்குத் தெரியும் எடையும் மாறும்.

வேலையைத் தொடங்குமுன் தோட்டாக்களை அடுக்கும் மகசீனைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலில் தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தேன். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருந்தன. கிளாக்கின் ஸ்லைடைக் கழற்ற டிரிக்கரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். இதில் அசட்டையாக இருந்து சுவரைத் துளைத்தவர்கள் உண்டு.

கழற்ற வேண்டியவை மூன்று பின்கள், அதாவது சிறு முளைகள். மேலே இருக்கும் லாக்கிங் பிளாக் பின் முதலில் (லாக்கிங் பிளாக் என்பது ஃபிரேமுக்குள் உட்காரும் உலோகக் கட்டை). அடுத்து டிரிக்கர் பின், இதுதான் முரண்டு பிடிக்கும். அதில் வெட்டியிருக்கும் பள்ளத்தில், தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப் மாட்டிக்கொண்டிருப்பதால், ஒரு கையால் ஸ்லைடு ஸ்டாப்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே மறு கையால் பின்னைத் தள்ளும் பஞ்ச் கருவியை அழுத்த வேண்டும். சுத்தியல் கூடாது. சரியான கணத்தில் பின் தானாக நழுவி வரும். பின்னால் இருக்கும் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டு, லாக்கிங் பிளாக்கை நெம்பி எடுத்தால், டிரிக்கர் மொத்தத் தொகுதியும் மேலே வந்துவிடும். டிரிக்கர் ஸ்பிரிங்கை மாட்டும்போது பக்கவாட்டில் ஆங்கில எஸ் எழுத்தாகத் தெரிய வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்பின் மெல்லிய கம்பி, மேல் பின்னுக்குக் கீழே உட்கார வேண்டும். மேலே ஏறிக்கொண்டால் ஸ்லைடு தோட்டா இருக்கும்போதே திறந்து நிற்கும்.

பூட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சோதிக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நடு நெம்புகோலைத் தொடாமல் டிரிக்கரின் ஓரத்தை மட்டும் இழுத்தால் அசையக் கூடாது. டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்துவிட்டு, விரலை மெல்லத் தளர்த்தினால் 'டக்' என்று ரீசெட் ஆக, அதாவது அடுத்த இழுப்புக்குத் தயாராக வேண்டும். கழற்றிய ஸ்லைடில் ஸ்ட்ரைக்கரை முன்னே தள்ளினால் முனை வெளியே வரக் கூடாது. ஸ்லைடின் அடியில் உள்ள பாதுகாப்புப் பொத்தானை அமுக்கினால் மட்டுமே வர வேண்டும். கடைசியாக, உள்ளே பார்க்க வசதியாக ஸ்லைடின் பின்பக்கத்தில் துளையிட்ட பின்தகடு ஒன்றை மாட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரிக்கர் பாரின் முனை ஸ்ட்ரைக்கரின் கீழ்நோக்கி நீண்ட காலை மூன்றில் இரண்டு பங்காவது பற்றியிருக்க வேண்டும். 'வழவழப்பாக்குகிறேன்' என்று அரத்தால் தேய்ப்பவர்கள் கெடுப்பது இந்தப் பிடிமானத்தைத்தான்.

சுடும் களத்தில் முதலில் மகசீனில் ஒரே தோட்டா. அடுத்து இரண்டு, ஒருமுறை அழுத்தினால் இரண்டும் போய்விடுகிறதா என்று பார்க்க. ஒன்றொன்றாகவே போயின. பிறகுதான் நிரப்பிச் சுட்டேன். இழுக்கும் எடையை அளக்கும் கருவியில் முன்பு 5.5 பவுண்டுக்குச் சற்று மேல் காட்டியது, இப்போது 4.5-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது இரண்டரைக் கிலோவிலிருந்து சுமார் இரண்டு கிலோ. காகித இலக்கில் குண்டுகள் விழும் வட்டம் சுருங்கியதா என்றால், பெரிதாக இல்லை. முதல் குண்டில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது குண்டுகளில் விரல் தயங்காமல் அதே இடத்தில் நிற்கிறது. விரல் எரிச்சலும் அடியோடு போய்விட்டது. வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் இன்னொரு துப்பாக்கியில் நான் எதையும் மாற்றவில்லை, மாற்றும் எண்ணமும் இல்லை.