பின் வீல் வண்டியும் பனி ரோட்டும்

மொன்றியலில் இருக்கும் தங்கச்சி மகன் பின் வீல் இழுக்கிற கார் ஒன்று வாங்கியிருக்கிறான், ராத்திரி போன் எடுத்து "மாமா, பனியில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகுது" என்றான். நம் நுவரெலியாவில் பனி கொட்டுவதில்லை, ஜனவரி விடியலில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும், அவ்வளவுதான். ஆனால் என் பழைய கொரோலா வேகனும் பின் வீல்தான், றம்பொடை வளைவில் மழை ஈரத்தில் பின்பக்கம் வெளியே இழுத்த அந்த நிமிஷம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: பதறி பிரேக்கை மிதிக்காதே. அக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடு, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு, வண்டி நேராகும்போது நீயும் நேராக்கு. பின் டயரில் பாரம் இல்லாவிட்டால் சும்மா சுற்றும். நான் இரண்டு உருளைக்கிழங்கு மூட்டையைப் பின்னால் போட்டுத்தான் மழையில் நானுஓயா ஏற்றம் ஏறுவேன், நீ மணல் மூட்டை போடு, நகராமல் கட்டிவிடு.

அப்புறம் டயர். மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், 7 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிவிடும். நாலுக்கும் போடு, பின்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் சொன்னபடி திரும்பாது.

போட்டதும் படம் அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை.