கிணற்றிலிருந்து வடக்கே

எங்கள் கல்லூரியின் வேப்பமரங்களுக்குக் கீழே ஏழாம் வகுப்புப் புவியியல் படித்த எவருக்கும் மாஸ்டரின் அந்தக் கேள்வி மறந்திராது. "எதிலையிருந்து தம்பி?" ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தால், எதிலிருந்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்ற மூன்றும் வரும்வரை அவர் விடமாட்டார்.

பாடப்புத்தகத்தில் அது இரண்டே வரி. மாஸ்டர் அதைக் கல்லூரி வளவு முழுவதற்கும் விரித்தார். ஒருவன் பழைய பூட்டொன்றை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, அதன் இடத்தை ஒரே வசனத்தில் துண்டில் எழுத வேண்டும். இன்னொருவன் அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு போய்த் தேடி எடுக்க வேண்டும். புதைத்தவன் வாய் திறக்கக் கூடாது. "மாடு கட்டியிருக்கிற இடத்துக்கு வலப்பக்கம்" என்று எழுதினான் ஒரு நண்பன். "மாடு பின்னேரம் வீட்டை போயிடும். பிறகு உன்ர பூட்டு எங்கை?" என்றார் மாஸ்டர். அசையாத பொருளைப் பிடி என்பது முதற் பாடம். வலம், இடம் என்பதும் அவரிடம் செல்லாது. இருவரை எதிரெதிரே நிறுத்தி வலக்கையை நீட்டச் சொல்வார். ஒருவனுடைய கை கிணற்றுப் பக்கம், மற்றவனுடையது றோட்டுப் பக்கம். வடக்கைக் காட்டச் சொன்னால் இரண்டு கைகளும் ஒரே பக்கம் போகும்.

அந்த வடக்கையும் நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. அது நேர் கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டெம்பரிலும்தான் என்பார். தடியொன்றை நிமிர நட்டு, 11.30 மணியிலிருந்து 1 மணி வரை நிழலின் நுனியில் ஈர்க்குக் குத்திக்கொண்டே போவோம். நிழல் எப்போது ஆகக் குறுகிக் கிடக்கிறதோ, அப்போது அது கிடக்கும் கோடு வடக்குத் தெற்கு. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியான நிழல் தெற்கே விழும்; மார்கழியில் வடக்கே நீளும். இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கவில்லை. வெயிலில் நின்று பார்த்தோம்.

அடுத்த கிழமை திசையே இல்லாமல், தூரத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னார். கொடிக்கம்பத்தில் ஒரு கயிறு, கிணற்றுக்கட்டில் ஒரு கயிறு. இரண்டையும் இழுத்து வட்டம் கீறினால் அவை இரண்டு இடத்தில் வெட்டும். எது பூட்டு இருக்கும் இடம்? மூன்றாவது கயிற்றைப் பனையில் கட்டியதும் சந்தேகம் தீர்ந்தது. இன்று கைத்தொலைபேசி செய்மதிகளிலிருந்து தூரம் கணித்து எங்கள் இடத்தைச் சொல்வதும் இதே முறைதான். அதன் கடிகாரப் பிழையையும் திருத்த வேண்டியிருப்பதால் குறைந்தது 4 செய்மதிகள் வேண்டும்.

நாட்டுக்கும் ஒரு கொடிக்கம்பம் இருக்கிறதென்று மாஸ்டர் சொல்லித்தான் அறிந்தேன். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடக் கட்டங்களுக்கு ஆதாரப் புள்ளி 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலை. யாழ்ப்பாண நகரம் அதிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வடக்கே, 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட மேற்கே. இங்கே டொரொண்டோவில் கிழக்கு, மேற்கு வீதிகளின் வீட்டிலக்கங்கள் யங் வீதியிலிருந்து தொடங்குவதைக் கண்டபோது, புது ஊர் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

இந்தப் பாடம் எவ்வளவு பெரியதென்று பின்னாளில்தான் தெரிந்தது. எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990 இல் சனம் இடம்பெயர்ந்த அந்தப் பகுதியின் காணிகள் போர் முடிந்த பிறகு இராணுவத்திடமிருந்து கட்டங்கட்டமாக விடுபட்டபோது அண்ணா பார்க்கப் போனார். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீடும் இல்லை, ஒரே பற்றைக்காடு. கையில் காணி உறுதி இருந்தது. அதில் காணியின் பரப்பும், நாலு எல்லையிலும் யாருடைய காணி என்பதும்தான் எழுதியிருந்தது. அந்த அயலவர்களில் ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸில், மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள். உறுதி சரி, ஆனால் அது பிடித்துக்கொண்ட ஆதாரங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. மாஸ்டரின் மாடு மாதிரி.

அண்ணாவும் அவரிடம் படித்தவர். பற்றையை வெட்டிக் கோயில் கிணற்றை முதலில் கண்டுபிடித்தார். அங்கிருந்து நேர் தெற்கே காலடி வைத்து எண்ணிக்கொண்டு வந்து எங்கள் கிணற்றுக்கட்டைத் தொட்டார். துலா நட்ட ஆடுகாலின் அடிக்கட்டை பக்கத்திலேயே கிடந்தது. கிணற்றிலிருந்து வடக்கே 12 காலடியில் குசினி என்று தொலைபேசியில் சொன்னார். வெட்டிப் பார்த்தபோது சீமெந்து நிலம் வந்தது. பிறகு நில அளவையாளர் வந்து எல்லைக்கல் நட்டார்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் கல்லூரிக்குக் கணினிகள் அனுப்பியிருக்கிறது, நல்ல காரியம். இந்த முறை கீழ்ப்பிரிவுக்கு 30 மீற்றர் அளவுநாடாக்களும் திசைகாட்டிகளும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கொடிக்கம்பத்தடியில் வடக்குத் தெற்குக் கோடொன்றைச் சீமெந்தில் பதிக்கவும் வேண்டும். கோட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே நிழல் பார்த்துக் குறிக்கட்டும். மேசனைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு. செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.